பழைய ஸ்போர்ட்ஸ் காரில் புதிய ஆடியோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1966ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஒன்று உள்ளது. புளூடூத் உள்ள புதிய ரேடியோவை வாங்கிப் பொருத்தக் கொடுத்தபோது, இது பாசிட்டிவ் எர்த் கார், இதில் அந்த ரேடியோவைப் பொருத்த முடியாது என்று பணிமனையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரின் பழைய அமைப்பைக் கெடுக்காமல் இதற்கு வழி உண்டா?
– வாசகர், ஹாரோ, லண்டன்

பதில்: பணிமனையில் உங்களுக்கு நல்லதே செய்திருக்கிறார்கள். ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான இந்தக் காரில், 1967ஆம் ஆண்டின் இறுதி வரை பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இன்றைய ரேடியோக்கள் எல்லாவற்றிலும் உலோகக் கூடு நெகட்டிவ் முனையோடு சேர்ந்திருக்கும். அதை டாஷ்போர்டில் திருகினாலும், ஏரியல் கம்பியைச் செருகினாலும் அக்கணமே பேட்டரியின் இரு முனைகளும் நேரடியாகச் சேர்ந்துவிடும். கூட்டுக்கு ரப்பர் உறை போட்டுத் தனிமைப்படுத்திவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஏரியல் கம்பியின் வெளிப்புற உலோகப் பின்னல் வழியாகவும், சார்ஜ் கேபிளில் செருகிய கைபேசி எங்காவது உலோகத்தில் படும்போதும் அதே ஆபத்து திரும்ப வருவதால், அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

சரியான வழிகள் இரண்டு. முதலாவது, காரையே நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுவது. இருக்கைகளுக்குப் பின்னால் தரைக்கு அடியில் தொடராக இணைந்திருக்கும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகளின் இணைப்பைத் திருப்ப வேண்டும். பாசிட்டிவ் முனை நெகட்டிவ் முனையைவிடச் சற்றுப் பருமனானது என்பதால் கேபிள் நுனியிலுள்ள கிளாம்புகளையும் மாற்ற நேரும். அடுத்து, எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் டைனமோவின் உள்ளே எஞ்சியிருக்கும் காந்தத்தின் திசையை மாற்ற வேண்டும்: அதன் ‘எஃப்’ முனையிலிருக்கும் கம்பியைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் உயிர்முனையிலிருந்து (உடலோடு இணைக்காத முனை) ஒரு கம்பியை அங்கே ஓரிரு முறை மெல்லத் தொட்டு எடுத்தால் போதும். பிளக்குகளின் பொறிக்கு உயர் வோல்டேஜ் தரும் இக்னிஷன் காயிலின் இரு சிறு கம்பிகளையும் இடம் மாற்ற வேண்டும். இதை மறந்தாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பிளக்கில் பொறி தவறான திசையில் பாய்வதால் குளிர்காலக் காலைகளில் கிளம்பத் தடுமாறும். உங்கள் ஆண்டுக் காரில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானி மின்னணு வகையைச் சேர்ந்தது. அதன் உட்பகுதியையும் திருத்தாமல் விட்டால் அது வேலை செய்யாது. பெட்ரோல் பம்பில் பிற்காலத்தில் யாராவது டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் உறுப்பு) பொருத்தியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். விளக்குகளுக்கும் ஸ்டார்ட்டருக்கும் எந்த மாற்றமும் தேவையில்லை.

இரண்டாவது வழி, உள்ளீடும் வெளியீடும் மின்தொடர்பில்லாமல் பிரிக்கப்பட்ட வோல்டேஜ் கன்வெர்ட்டர் ஒன்றை ரேடியோவுக்கு மட்டும் வைப்பது. வெளியீடு எதனோடும் ஒட்டாமல் தனித்து நிற்பதால், அதன் நெகட்டிவ் கம்பியைக் காரின் உடலோடு தாராளமாக இணைக்கலாம். ரேடியோவின் கூடும் ஏரியலும் வழக்கம்போல் உடலைத் தொடலாம். காரின் மற்ற பாகங்களுக்கு எதுவும் தெரியாது. வாங்கும்போது இந்தப் பிரிப்பு உள்ளதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், ஏனெனில் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கன்வெர்ட்டர்கள் பலவற்றில் நெகட்டிவ் கம்பி இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். அவை உங்களுக்குப் பயன்படா. 5 ஆம்பியர் தரக்கூடியது சாதாரண ரேடியோவுக்குப் போதும். ஃபியூஸை உயிர்க்கம்பியில், பேட்டரிக்கு அருகில் போட வேண்டும். உங்கள் காரில் உயிர்க்கம்பி என்பது நெகட்டிவ் கம்பி என்பதைப் பொருத்துபவருக்கு நினைவூட்டுங்கள்.

டைனமோவும் மானியும் இன்னும் அசலாகவே இருக்கும் காரில், ரேடியோ மட்டும் போதுமென்றால், கன்வெர்ட்டரே மேல் என்பது என் கருத்து. நாளைக்கு அதைக் கழற்றி எடுத்தால் கார் 1966இல் இருந்தபடியே இருக்கும். தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமென்றால் நெகட்டிவ் எர்த்துக்கு மாறுவதே முறை. ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். லூகாஸ் சி40 டைனமோ முழு வேகத்தில் தருவது 22 ஆம்பியர். சிக்னலில் நிற்கும்போது அநேகமாக ஒன்றுமில்லை. மழை பெய்யும் இரவில் முகப்பு விளக்கும் இக்னிஷனும் துடைப்பானும் ஹீட்டரும் சேர்ந்தே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதைக் கொண்டுதான் பாட்டுக் கேட்க வேண்டும்.

ஃபியூஸ் பெட்டியைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய லூகாஸ் ஃபியூஸில் 35 ஆம்பியர் என்று எழுதியிருப்பது அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். அந்த எண்ணை நம்பி தொடர்ந்து தாங்கும் அளவையே எழுதியிருக்கும் இன்றைய 35 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், ஃபியூஸுக்கு முன் கம்பி எரியும். ஃபியூஸ் பெட்டியிலிருந்து கிளம்பும் பச்சைக் கம்பிகள் ஏற்கெனவே பிரேக் விளக்கு, துடைப்பான், மானிகள் எனப் பலவற்றைச் சுமப்பதால், ரேடியோவை அவற்றில் தொங்கவிடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி கொண்டுவந்து, பச்சைக் கம்பியை ஒரு ரிலேயை (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்) இயக்குவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: என்னுடைய ட்ரையம்ஃப் டி.ஆர்.6 காரில் கூரையை மடித்துவிட்டு மணிக்கு 60 மைல் வேகத்தில் போகும்போது பாட்டு ஒன்றுமே கேட்பதில்லை. பின்பக்கப் பெட்டியில் சப்வூஃபரும் (தாழ்ந்த ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) 400 வாட் ஆம்ப்ளிஃபயரும் வைக்கச் சொல்கிறார் கடைக்காரர். கதவின் தகட்டையும் வெட்ட வேண்டுமாம். செய்யலாமா?
– வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: கதவின் தகட்டை வெட்ட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஐம்பது ஆண்டுகள் துருவிலிருந்து தப்பி வந்த தகட்டில் போடும் துளையை மீண்டும் மூடுவது எளிதல்ல. புதிதாக வெட்டிய விளிம்பில்தான் துரு முதலில் பிடிக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால், கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, அதே அளவில் புதிய அட்டை செய்து அதில் வெட்டுங்கள். கால்வைக்கும் இடத்தின் பக்கச்சுவரில் மாட்டும் ஸ்பீக்கர் பெட்டிகளும் பழைய கார்களுக்கென்றே செய்யப்பட்டுக் கிடைக்கின்றன.

வாட் எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு, ஸ்பீக்கரின் உணர்திறன் என்ற எண்ணைப் பாருங்கள்; ஒரே திறனில் அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைக் காட்டும் எண் அது. அது 3 டெசிபெல் கூடினால், ஆம்ப்ளிஃபயரின் திறனை இரு மடங்காக்கியதற்குச் சமம். 86 டெசிபெல் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 92 டெசிபெல் ஸ்பீக்கரை வைத்தால், 20 வாட்டில் முன்பு 80 வாட்டில் கேட்ட சத்தம் கிடைக்கும், ஒரு கம்பிகூட மாற்றாமல். பெட்டியில் ‘50 வாட் நான்கு’ என்று அச்சிட்டிருக்கும் ரேடியோ உண்மையில் ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் அளவில்தான் தரும். 14 வோல்ட்டில் அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. நல்ல ஸ்பீக்கருக்கு அதுவே தாராளம்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, திறந்த காரில் காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில்தான் குவிந்திருக்கிறது. அது தாழ்ந்த சுரங்களை முழுவதுமாக விழுங்கிவிடும். மூடிய காரில் சிறிய அறை தரும் உதவியும் கூரை இல்லாத காரில் இல்லை. அந்த இரைச்சலுக்கு மேலே எழுந்து கேட்பவை குரலும் வயலினும் நாதஸ்வரமும் வாழும் நடுப்பகுதி அதிர்வெண்கள்தாம். ஆகவே ரேடியோவின் அமைப்பில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறைத்துவிட்டு, ஸ்பீக்கர்கள் முழங்காலைப் பார்க்காமல் காதை நோக்கிச் சாய்ந்திருக்குமாறு பொருத்துங்கள். தாழ்ந்த ஒலிக்காகக் கூம்பு வீணாக முன்னும் பின்னும் அலையாது, அதே ஆம்ப்ளிஃபயர் தெளிவாகப் பாடும். படகுகளுக்காகச் செய்யப்படும் ஸ்பீக்கர்களில் கூம்பு பாலிப்ரொப்பிலீனால் ஆனது. எதிர்பாராத மழையில் காகிதக் கூம்புபோல ஊறிப்போகாது.

உடலில் எதையும் மாற்ற மனமில்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. டாஷ்போர்டுக்கு நடுவே பழைய ஒற்றை ஸ்பீக்கர் இருந்த இடத்தில், இரட்டைச் சுருள் கொண்ட ஸ்பீக்கரை வைத்து, இடப்பக்க ஒலியை ஒரு சுருளுக்கும் வலப்பக்க ஒலியை மற்றதற்கும் கொடுக்கலாம். சாதாரண ஒற்றைச் சுருள் ஸ்பீக்கரில் இரண்டு வெளியீடுகளையும் சேர்த்துக் கட்டக் கூடாது. பழைய ரேடியோவில் ஸ்பீக்கரின் ஒரு கம்பி உடலோடு எர்த் செய்யப்பட்டிருக்கும். புதிய ரேடியோவில் இரண்டு கம்பிகளுமே உயிருள்ளவை, எதுவும் உடலைத் தொடக் கூடாது. புதிய ரேடியோக்கள் முதல் நாளிலேயே கருகுவதற்கு இந்தப் பழைய கம்பியை அப்படியே பயன்படுத்துவதும் ஒரு காரணம்.

எவ்வளவு செலவழித்தாலும், கூரை திறந்த காரின் நெடுஞ்சாலை இரைச்சலை வெல்லும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றினால் காதுதான் பாதிக்கப்படும். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டின் விதிகள், நாளொன்றின் சராசரி 85 டெசிபெல்லை எட்டும் பணியிடங்களில் காதுக்குப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியுள்ளன. ஊர்ச்சாலையில் 40 மைல் வேகத்துக்குப் பொருந்தும்படி அமைப்பைச் செய்துகொள்ளுங்கள். வேகமாகப் போகும்போது அந்த ஆறு சிலிண்டர் எஞ்சினைக் கேட்கவும் கொஞ்சம் இடம் விடுங்கள். அந்தக் காரை வாங்கியதன் காரணங்களில் அதுவும் ஒன்றல்லவா!

கேள்வி: 1965 கார்வெட்டில் புதிய ரேடியோ வைத்திருக்கிறேன். எஞ்சின் ஓடும்போது படபடவென்ற சத்தமும், கூடவே ஒரு விசில் ஒலியும் வருகின்றன. எங்கே தேடுவது?
– வாசகர், ஸ்கார்பரோ, டொராண்டோ

பதில்: இரண்டுக்கும் மூலம் வேறு. படபடப்பு இக்னிஷனிலிருந்து வருவது. எஞ்சின் வேகத்தோடு அடர்த்தியாகும். விசில், எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டருடையது. உங்கள் காருக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு: கார்வெட்டின் உடல் 1953 முதலே கண்ணாடியிழையால் ஆனது. மற்றக் கார்களில் எஞ்சின் மேல் இருக்கும் இரும்பு பானெட் பொறியின் அலைகளைப் பெருமளவு அடைத்து வைக்கும். கண்ணாடியிழை எதையும் அடைக்காது. அதனால்தான் அந்நாளில் ரேடியோவோடு வந்த கார்வெட்களில் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் பிளக் கம்பிகள் மேலும் உலோக மறைப்புகளைத் தொழிற்சாலையிலேயே பொருத்தினார்கள். அவை அழகுக்காக வைத்தவை என்று எண்ணி வேலை செய்யும்போது கழற்றி எறிந்தவர்கள் பலர். உங்கள் காரில் அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் மறுதயாரிப்புகள் கிடைக்கின்றன.

பிறகு ஏரியல் கம்பியை ரேடியோவிலிருந்து பிடுங்கிப் பாருங்கள். படபடப்பு நின்றுவிட்டால் அது ஏரியல் வழியாக வருகிறது. மின்தடை கொண்ட பிளக்குகளும் பிளக் கம்பிகளும் போடுங்கள். கண்ணாடியிழை உடல் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், ஏரியலின் அடிப்பகுதிக்குக் காரின் உலோக அடிச்சட்டத்திலிருந்து தனி எர்த் பட்டை தேவை. ஏரியலைப் பிடுங்கியும் நிற்காவிட்டால் அது மின்கம்பி வழியாக வருகிறது. இக்னிஷன் காயிலுக்கு மின்சாரம் வரும் முனையில் இரைச்சலை உறிஞ்சும் ஒரு கப்பாசிட்டர் வைக்கலாம். காயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயின்ட் பக்கத்து முனையில் மட்டும் வைக்காதீர்கள், பொறி பலவீனமாகிவிடும். விசில் பெரும்பாலும் எர்த் கோளாறு. ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு இடங்களில் எர்த் செய்திருந்தால், இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தாலே பல கார்களில் சரியாகிவிடும்.

கேள்வி: 1973 போர்ஷே 911இல் பழைய ரேடியோ இன்னும் பாடுகிறது. அதன் முகப்பை வைத்துக்கொண்டு உள்ளே புளூடூத் சாதனத்தை மாற்றித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

பதில்: பாடாத ரேடியோவாக இருந்தால் கொடுங்கள் என்பேன். பாடுகிற ரேடியோவின் உட்பாகங்களை எடுத்துவிட்டால் அதைத் திரும்ப வைப்பவர் கிடைப்பது அரிது. அதைத் தொடாமல், புளூடூத் உள்ள சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை முன்பக்கப் பெட்டிக்குள் மறைத்து வையுங்கள். கைபேசியே உங்கள் பொத்தான். திரையும் வழிகாட்டியும் வேண்டுமென்றால், போர்ஷே நிறுவனமே 2020 முதல் பழைய கார்களின் ரேடியோ துளையில் அப்படியே உட்காரும் சாதனத்தை விற்கிறது. அதன் குமிழ்கள் இரண்டும் பழைய ரேடியோவின் சாயலில் இருக்கும், எந்தத் தகட்டையும் வெட்ட வேண்டியதில்லை. கழற்றிய ரேடியோவைத் துணியில் சுற்றி, திருகுகளோடும் குமிழ்களோடும் காரின் ஆவணங்களுடன் வையுங்கள்.

கேள்வி: 1969 எம்.ஜி.பி. ஜி.டி.யில் ரேடியோ மாற்றிய பிறகு, சில வாரங்கள் ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடுகிறது. ரேடியோதான் காரணமா?
– வாசகர், லெஸ்டர்

பதில்: இருக்கலாம்; அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். கதவுகளை மூடிவிட்டு, பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றி இடையில் ஓர் அம்மீட்டரை வையுங்கள். ரேடியோவின் நினைவகக் கம்பி (கார் அணைந்திருக்கும்போதும் அமைப்புகளைக் காக்க மின்சாரம் தரும் கம்பி) 10 மில்லி ஆம்பியர் எடுத்தால் 30 நாளில் 7 ஆம்பியர்-மணி. நல்ல பேட்டரி அதைத் தாங்கும். 50 மில்லி ஆம்பியர் காட்டினால் 36 ஆம்பியர்-மணி போய்விடும். மூன்று வாரத்திலேயே கார் கிளம்பத் திணறும். ரேடியோவின் ஃபியூஸை எடுத்ததும் அளவு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், நினைவகக் கம்பியையும் இக்னிஷன் வழிக்கு மாற்றிவிடலாம்; மின்சாரம் இல்லாமலும் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் ரேடியோக்களில் இதனால் இழப்பில்லை. மற்றவற்றில் நிலையங்களை ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும்.

நீண்டகாலம் நிறுத்தி வைப்பவராக இருந்தால் பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆண்டுக் காரில் டைனமோ இல்லை, ஆல்டர்நேட்டர் இருக்கிறது. எனவே எஞ்சின் ஓடும்போது அந்தச் சுவிட்சை ஒருபோதும் அணைக்காதீர்கள். பேட்டரி விலகியதும் எழும் வோல்டேஜ் ஆல்டர்நேட்டரின் டயோடுகளையும் ரேடியோவையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.