டூம் விளையாட்டின் எஞ்சினுக்கு ஸ்பிரைட் (விளையாட்டில் தெரியும் உருவப் படம்) வரைதல்: கேள்வி பதில்

கேள்வி: அமிலக் குளத்துக்கு நான்கு படங்கள் வரைந்து எண்ணிட்டும் அசையவில்லையே?

பதில்: எண்ணிட்டால் மட்டும் அசையாது. 1993-இல் வந்த மூல எஞ்சினில், அசையும் படங்களின் பட்டியல் நிரலுக்குள்ளேயே இருக்கிறது. அதில் முதல் படமும் கடைசிப் படமும்தான் பெயர் பெறும்; நடுவில் உள்ளவை வாட் கோப்பில் (விளையாட்டின் படங்களும் ஒலிகளும் அடங்கிய கோப்பு) அடுக்கிய வரிசையில் ஓடும். 8 டிக்குக்கு ஒரு படம், வினாடிக்கு 35 டிக். புதுப் பெயர் வேண்டுமென்றால் இசட்டூம் (மூல எஞ்சினைப் பிறர் மேம்படுத்திய வடிவம்) வழிவந்த எஞ்சின்களில் 'அனிம்டெஃப்ஸ்' என்ற உரையில் எழுதிவிடலாம். மூல எஞ்சின்தான் என்றால் வரிசையைக் கலைக்காதீர்கள்.

கேள்வி: என் அரக்கன் தரையில் புதைகிறான்.

பதில்: ஆஃப்செட் (படத்தின் எந்தப் புள்ளி உருவம் நிற்கும் இடத்தில் பொருந்தும் என்று சொல்லும் எண்கள்) 0 ஆக இருக்கும். கிடைமட்டத்துக்கு அகலத்தில் பாதி. செங்குத்துக்கு உயரத்தைவிட மூன்று நான்கு பிக்சல் குறைவாகக் கொடுங்கள்.

கேள்வி: வட்டமாக வரைந்த தலை முட்டையாகிறது.

பதில்: 320×200 படம் 4:3 திரைக்கு நீட்டப்படுகிறது, ஒவ்வொரு பிக்சலும் 20% உயரம் கூடும். தலையைத் தட்டையாக வரையுங்கள்.

கேள்வி: நிறங்கள் மாறிவிட்டன.

பதில்: பேலட்டில் (விளையாட்டின் நிறப் பட்டியலில்) 256 நிறங்கள்தான். முதலிலேயே அதற்குள் வரையுங்கள்.

கேள்வி: துப்பாக்கி வீரன் திரும்பும்போது ஆயுதம் கை மாறுகிறதே?

பதில்: உருவம் எட்டுக் கோணங்களில் தெரியும். 'ஏ2ஏ8' என்ற படப் பெயருக்குப் பொருள், 'ஏ' ஃபிரேமில் (அசைவின் ஒரு நிலையில்) 2ஆம் கோணப் படத்தையே இடவலமாகப் புரட்டி 8ஆம் கோணத்துக்கும் காட்டு என்பது. அதனால்தான் ஆயுதம் கை மாறுகிறது; ஆனால் எட்டுக்கு ஐந்து வரைந்தால் போதும். 4 எம்பி நினைவகத்தில் ஓடவேண்டிய விளையாட்டு அது.

கேள்வி: இன்று நினைவகம் மலிவு. புரட்டுவது சோம்பேறித்தனம்.

பதில்: நினைவகம் மலிவு, மணிக்கட்டு மலிவா? நான்கு ஃபிரேம் நடைக்கு 20 படங்களா, 32 படங்களா என்று நீங்களே கணக்குப் போடுங்கள். சுடுவதும் சாவதும் தனி.

கேள்வி: ஒரு கை பீரங்கியாக இருந்தால்?

பதில்: அப்போது எட்டும் வரையத்தான் வேண்டும், அதில் உங்கள் பக்கம் நியாயம். ஆனால் ஏழோடு நிறுத்தாதீர்கள். கோணம் குறைகிறது என்று மூல எஞ்சின் தொடங்கவே மறுக்கும்.

கேள்வி: குளம் அசையவில்லை.

பதில்: முதல் பதில். வரிசை!

கேள்வி: என் பீப்பாய் காற்றில் மிதக்கிறது.

பதில்: புதைந்த அரக்கனின் அதே நோய்தான், இங்கே செங்குத்து எண்ணைக் குறையுங்கள்.