விட்டுப்போன கடைக்காரரைக் கேட்டீர்களா?

கேள்வி: மசாலாப் பொடி தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறோம். அப்பா காலத்துத் தொழில். ஒரு வருடமாக ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. கடை கடையாக ஆர்டர் எடுக்க லைனுக்குப் போகும் பையன்களுக்குச் சுறுசுறுப்பு போதவில்லை. இன்சென்டிவ் கொடுத்தேன், கூடவே பாக்கெட் டிசைனையும் மாற்றினேன். பலனில்லை. தொழில் பிரச்சினைகளைத் தீர்க்கப் படைப்பாற்றலோடும் அலசி ஆராய்ந்தும் சிந்திக்கக் கற்றுத் தரும் வகுப்பு ஒன்று இருக்கிறது. இரண்டு நாளைக்கு இருபதாயிரம் ரூபாய். சேரலாமா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதல் பாடம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

ஆர்டர் குறைகிறது என்பது நடந்த விஷயம். பையன்களுக்குச் சுறுசுறுப்பு போதவில்லை என்பது நீங்கள் எழுதிய தீர்ப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டீர்கள். தீர்ப்பு முதலிலேயே வந்துவிட்டதால்தான் பணம் இன்சென்டிவுக்குப் போனது. எந்தெந்தக் கடை வாங்குவதை நிறுத்தியது, எந்த மாதத்தில், மிளகாய்த் தூளா சாம்பார்ப் பொடியா என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. தெரிந்ததையும் நினைத்ததையும் தனித்தனியே பிரித்து வைக்காத வரை எந்த வகுப்பும் உங்களுக்கு உதவாது.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 58 வயதில், 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. ஊர் ஊராக இலவச முகாம் போட்டார்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குக் காசு கிடையாது. முகாமில் கூட்டம் இருந்தது. அங்கே நின்று பார்த்தால் எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தோன்றும். பார்வை மங்கியும் வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கூட்டத்தில் தெரிய மாட்டார். சிகிச்சை தேவை என்று சொல்லப்பட்டவர்களிலும் பலர் வரவில்லை. கிராமத்து ஜனங்களுக்கு விவரம் போதாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். உங்கள் பையன்களைப் பற்றி நீங்கள் சொன்ன அதே வகைப் பதில் அது.

அவர்கள் வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, தங்கிச் சாப்பிட வழியில்லை, கூட வர ஆளில்லை, வந்தால் அவருக்குக் கூலி போகும், கத்தி வைப்பார்களே என்ற பயம். ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் அங்கே போய்ச் சேருவதற்குச் செலவு இருந்தது. காரணம் தெரிந்ததும் செய்ய வேண்டியதும் தெரிந்துவிட்டது. முகாமிலிருந்தே வண்டி, சாப்பாடு, தங்க இடம், திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுவது. பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து போகும்போது பயமும் பாதியாகக் குறையும்.

அதோடும் விடவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கண்ணில் கோளாறு இருந்த பெரியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வந்திருந்தார்கள் என்று தெரிந்தது. முகாம்களால் பெயர் வாங்கிய அரவிந்தைச் சேர்ந்தவர்களே அந்த ஆய்வில் பங்கெடுத்து அந்த எண்ணை வெளியிட்டார்கள். எனக்கு அந்த நேர்மைதான் பெரிதாகப் படுகிறது. பிறகு சிறிய ஊர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே கண்ணைப் பரிசோதிப்பார், மருத்துவமனையிலிருக்கும் டாக்டர் வீடியோவில் நோயாளியோடு பேசுவார். புதுமை என்று ஊரே பாராட்டும் யோசனை, வராதவர்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் வந்தது.

ஆகவே பில் புத்தகத்தை எடுங்கள். ஒரு வருடத்துக்கு முன் வாங்கி இப்போது வாங்காத கடைகளைத் தனித் தாளில் எழுதுங்கள். ஒரே லைனில் இருக்கின்றனவா, ஒரே பொடியா, ஒரே மாதமா என்று பாருங்கள். ஒரு பையனின் லைனில் மட்டும் குறைந்திருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. எல்லா லைனிலும் குறைந்திருந்தால் அந்தப் பேச்சை விட்டுவிட வேண்டும்.

பிறகு அந்தக் கடைகளுக்கு நீங்களே போங்கள். சரக்கு விற்கப் போகாதீர்கள். "ஏன் நம்ம பொடி வாங்குறதில்லை?" என்று கேட்டால், கடைக்காரர் உங்கள் மனம் நோகாமல், "இப்ப மூவ் ஆகல அண்ணே" என்பார். "கடைசியா எங்க பாக்கெட்டைக் கேட்டு வந்தது யாரு? இல்லைன்னதும் என்ன வாங்கிட்டுப் போனாங்க?" என்று கேளுங்கள். பழைய பாக்கெட் இருந்தால், அலமாரியின் பின்வரிசையில் கையை விட்டு எடுத்துத் தேதியைப் பாருங்கள். கட்டி தட்டியிருக்கிறதா, பிரித்தால் வாசனை வருகிறதா? ரிட்டர்ன் எடுக்க ஆள் வந்ததா என்றும் கேளுங்கள். அடுத்த கம்பெனி கூடுதல் நாள் கடன் தருகிறதா, பத்து ரூபாய் பாக்கெட் வைத்திருக்கிறதா என்பதும் அங்கேதான் தெரியும்.

யோசனை கேட்கும்போது ஒரு கவனம் வேண்டும். எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து மனதில் பட்டதைச் சொல்லச் சொல்வது, அமெரிக்க விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் பிரபலமாக்கிய முறை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்தபோது, நான்கு பேர் கூடிப் பேசியதைவிட, தனித்தனியே யோசித்த நான்கு பேரின் யோசனைகளை ஒன்றாகச் சேர்த்ததில்தான் அதிகம் கிடைத்தன. நம் குடும்பத் தொழில்களில் இது இன்னும் பொருந்தும். முதலாளி வாயைத் திறந்துவிட்டால் அதற்கப்புறம் "சரிங்கண்ணா" தவிர வேறு பேச்சு வராது. லைன் பையன்கள், அரவை மிஷினில் நிற்பவர், பாக்கிங் பெண்கள் எல்லோரும் பெயர் போடாமல் ஆளுக்கொரு சீட்டு எழுதித் தரட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள். சோம்பேறிகள் என்று நீங்கள் முடிவுகட்டிய அந்தப் பையன்கள்தான் தினமும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்களை இதுவரை ஒரு வார்த்தை கேட்டதாக நீங்கள் எழுதவில்லை. அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இன்சென்டிவையும் டிசைனையும் ஒன்றாக மாற்றினீர்கள். விற்பனை ஏறியிருந்தாலும் எதனால் ஏறியது என்று தெரிந்திருக்காது. அடுத்த முறை பத்துக் கடையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதே மாதிரி இன்னொரு பத்துக் கடையைப் பழையபடி விடுங்கள். எத்தனை பாக்கெட் கூடினால் தொடர்வீர்கள், எவ்வளவுக்குக் கீழே போனால் கைவிடுவீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். பிற்பாடு மனம் தனக்குப் பிடித்த மாதிரி கணக்குப் பார்க்கும்.

வகுப்பில் சேருவதை இதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சேர்ந்தால் விட்டுப்போன கடைகளின் பட்டியலோடு போங்கள், லைன் பையன்களில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.