புது போனுக்குக் காப்பை அடகு வைக்கவா, தவணையில் எடுக்கவா?

கேள்வி: ஐயாவுக்கு வணக்கம். நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கம். அரச உத்தியோகம், பிடிப்புகள் போகக் கைக்கு வருவது 72,000 ரூபா. 2021 டிசம்பரில், வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் தந்த காசோடு என் சேமிப்பையும் சேர்த்து 215,000 ரூபாவுக்கு ஐபோன் 13 வாங்கினேன். நான்கு வருடம் கண்ணைப் போல வைத்திருந்தேன். இப்போது காலையில் முழுதாகச் சார்ஜ் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனாலும் பின்னேரம் 2 மணிக்குள் படுத்துவிடுகிறது. பற்றரி 76 சதவீதம் என்று காட்டுகிறது. 128 ஜிபியும் மகளின் படங்களாலும் வட்ஸ்அப்பாலும் நிரம்பிவிட்டது, ஒரு படம் எடுக்க இரண்டு படம் அழிக்க வேண்டியிருக்கிறது. கல்முனையில் ஒரு கடையில் புது புரோ மொடல் விசாரித்தேன். கைக்காசுக்கு 425,000, 24 மாதத் தவணைக்கு 460,000, வட்டி இல்லை என்றார்கள். பழையதை 70,000க்கு எடுப்பார்களாம். அப்படியானால் தவணை மாதம் 16,250. இல்லாவிட்டால் என் காப்புகளை அடகு வைத்துக் கைக்காசாகவே கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன். கட்டாரில் இருக்கும் மச்சான், தான் கொண்டுவந்தால் இன்னும் குறையும் என்கிறார். எது நல்லது? "இவ்வளவு விலை கொடுத்தது நாலு வருஷத்தில் போயிற்றே, என்னுடைய 45,000 ரூபா போன் இதைவிட மேல்" என்று வீட்டுக்காரர் வேறு நக்கலடிக்கிறார்.

பதில்: தங்கச்சி, முதலில் உங்கள் வீட்டுக்காரரின் நக்கலை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதற்குள்தான் விஷயம் இருக்கிறது. அவர் 45,000 ரூபா போனை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார் என்று வைப்போம். மாதத்துக்கு 1,875 ரூபா. நீங்கள் 215,000க்கு வாங்கி, இன்று 70,000க்கு விற்றால், 48 மாதத்தில் கரைந்தது 145,000. மாதத்துக்கு 3,020 ரூபா. ஆக, இன்றோடு நிறுத்தினால் அவர்தான் வென்றார். அதை அவரிடம் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உங்கள் இஷ்டம்.

ஆனால் விலை கூடிய போனை யாரும் முதல் இரண்டு வருடத்துக்காக வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. முதல் இரண்டு வருடம் எந்தப் போனும் ஓடும். நீங்கள் கொடுத்த கூடுதல் காசு ஐந்தாம், ஆறாம், ஏழாம் வருடத்துக்கானது. 2019இல் வந்த ஐபோன் 11க்குக்கூட 2025இல் வந்த ஐஓஎஸ் 26 மென்பொருள் கிடைத்தது. உங்களுடையது அதற்கு இரண்டு வருடம் இளையது. சாம்சங்கும் 2024இன் எஸ்24 வரிசைக்கு ஏழு வருட மென்பொருள் ஆதரவு என்று சொல்லித்தான் விற்றது. இப்படி முன்கூட்டியே காசு கட்டிவிட்ட வருடங்களை, அவை தொடங்கும் நேரம் பார்த்து 70,000க்குக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு வரப் பார்க்கிறீர்கள்.

இதை நான் ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. என் கையில் இருப்பதே 2019 கடைசியில் வாங்கிய ஐபோன் 11. அன்றைக்கு 158,000 ரூபா. முதல் வருடம் பட்டுத்துணியில் சுற்றாத குறை. இரண்டாம் வருடம் கவர் கழன்றது, மூன்றாம் வருடம் மரியாதையும் கழன்றது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்த காலம் நினைவிருக்கும். பெற்றோல் வரிசையில் நிற்கும்போது பத்தரை மணிக்கே என் போன் கண்ணை மூடிவிடும். அந்த எரிச்சலில் கண்ணில் பட்ட ஒரு கடையில் 6,500 ரூபாவுக்குப் பற்றரி மாற்றினேன். நாலைந்து மாதத்தில் அது ஊதி, ஸ்கிரீனை ஒரு பக்கம் தூக்கிவிட்டது. அந்த இடைவெளியோடு ஒருநாள் கல்லடிக் கடற்கரையில் பேரப்பிள்ளையோடு நின்றேன், ஒரு சின்ன அலைதான், மறுநாள் ஸ்பீக்கர் கரகரத்தது. இந்தப் போனுக்குத் தண்ணீர் புகாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். புகாதது உண்மைதான், ஆனால் அது ஒட்டுப் பசை புதிதாக இருக்கிற வரைக்கும், அதுவும் நல்ல தண்ணீருக்கு. ஒருமுறை திறந்துவிட்டால் அந்த வாக்குறுதியை மறந்துவிட வேண்டும். நம்முடைய உப்புக் காற்றுக்கும் கடல் மணலுக்கும் சார்ஜ் போடும் துளையும் தாங்காது. பிறகு 19,000 கொடுத்து ஒழுங்கான பற்றரி போட்டேன், துளையைச் சுத்தம் செய்ய 1,500. எல்லாம் சேர்த்து 185,000. ஆறு வருடத்துக்கு, மாதம் 2,570 ரூபா. இப்போதும் வங்கி வேலை, படம், வட்ஸ்அப் எல்லாம் அதில்தான். இரவுப் படம் மட்டும் புது போன்கள் அளவுக்கு வராது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, உங்கள் போனுக்கு என்ன நோய்? நீங்கள் எழுதியதில் இரண்டுதான் இருக்கின்றன. பற்றரி, இடம். இரண்டுமே போன் செத்ததற்கான அடையாளம் அல்ல.

பற்றரி தேய்கிற பொருள், மோட்டார் சைக்கிள் டயர் மாதிரி. ஐபோன் 14 வரையான போன்களின் பற்றரி 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவோடு நிற்கும்படிதான் செய்யப்பட்டிருப்பதாக ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. 15இலிருந்துதான் அது 1,000 ஆனது. நான்கு வருடம் பாவித்து 76இல் நிற்கிறது என்றால், உண்மையில் நீங்கள் நன்றாகத்தான் வைத்திருந்திருக்கிறீர்கள். தளர்ந்த பற்றரியால் போன் மெதுவாவதும் உண்டு. திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கப் பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை அந்த நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, மறுவருடக் கடைசி வரைக்கும் பற்றரி மாற்றும் விலையை 79 டொலரிலிருந்து 29 ஆக இறக்கியது. அப்போது எத்தனையோ பேர் புது போன் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். பற்றரி மாறியதும் பழைய போன் எழுந்து நடந்தது.

இடம் நிரம்பியதற்குச் செலவே இல்லை. வட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பு என்ற பகுதிக்குப் போய், எந்தக் குழு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பாருங்கள். காலை வணக்கப் பூக்களும் பாடசாலைக் குழு வீடியோக்களும்தான் முன்னால் நிற்கும். மகளின் படங்களைக் கணினியிலோ ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ இரண்டு பிரதி எடுத்து வைத்துவிட்டு இங்கே அழியுங்கள். ஒரு சனிக்கிழமை வேலை.

இனிக் கணக்கு. 2021இல் கொடுத்த 215,000ஐ மறந்துவிடுங்கள், அது போன காசு. இனிமேல் வரப்போகும் இரண்டு வருடத்தை மட்டும் பார்ப்போம்.

பழையதையே வைத்திருந்தால், நல்ல பற்றரிக்கு 22,000 என்று போடுகிறேன். இன்று 70,000 பெறும் போன் இரண்டு வருடத்தில் பாதியாகிவிடும் என்றும் வைக்கிறேன், 35,000 அங்கே போயிற்று. கூட்டினால் 57,000. மாதத்துக்கு 2,375 ரூபா.

புதியதைத் தவணையில் எடுத்தால், 24 மாதமும் கட்டுவது 390,000, பழைய போனாகக் கொடுப்பது 70,000, மொத்தம் 460,000. இரண்டு வருடம் கழித்து அது பாதி விலைக்குப் போகும் என்று தாராளமாகவே வைப்போம், 230,000 திரும்பி வரும். மற்ற 230,000 கரைந்துவிட்டது. மாதத்துக்கு ஏறக்குறைய 9,580. இரண்டுக்கும் நடுவே 24 மாதத்தில் 173,000 ரூபா வித்தியாசம். அதை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டில் ஒரு மகள் இருக்கிறாள்.

"வட்டி இல்லை" என்று சொன்னார்களே, கைக்காசு விலைக்கும் தவணை விலைக்கும் நடுவே இருக்கும் 35,000 ரூபாவுக்கு வேறு என்ன பெயர்? கடையில் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். அதைவிட என்னை உறுத்துவது 16,250 என்ற தொகை. 72,000இல் அது ஐந்தில் ஒரு பங்கைவிடக் கூட. ஒரு மாதம் வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போனால், தவணை கடனட்டையில் ஓடுகிறது என்றால், அந்த மாதத்திலிருந்துதான் உண்மையான வட்டி தொடங்கும்.

காப்பு விஷயம் இன்னும் மோசம். கைக்காசு விலையில் பழைய போனைக் கழித்தால் உங்களுக்குத் தேவை 355,000. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபா வட்டி என்று வைத்தாலும் மாதம் 3,550, இரண்டு வருடத்தில் 85,200. அவ்வளவும் கட்டிய பிறகும் முதல் அப்படியே நிற்கும். மீட்க முடியாமல் போனால் ஏலம். நம்மூரில் பிள்ளையின் படிப்புக்கு, வயலுக்கு, வைத்தியத்துக்குக் காப்பு அடகுக்குப் போவது புதிதல்ல, அதற்காகத்தான் அது பெட்டியில் இருக்கிறது. தங்கம் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது, அதை அடகில் பூட்டிவிட்டு, பெட்டியைத் திறந்த நிமிடத்திலிருந்து விலை இறங்குகிற ஒரு பொருளை வாங்குவதை என்னால் எந்தக் கணக்கிலும் சரிசெய்ய முடியவில்லை.

"அப்போது 215,000, இப்போது இவ்வளவா?" என்று நீங்கள் திகைத்திருப்பீர்கள். மொடல் பெரியது என்பது ஒரு பக்கம். மறுபக்கம், நீங்கள் வாங்கியபோது டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. பின்னர் இறங்கி 300ஐச் சுற்றி நின்றாலும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியிலிருந்து வற் வரியும் 18 சதவீதமானது. அண்ணனின் காசும் உங்கள் சேமிப்பும் சேர்ந்து, தெரியாமலே நல்ல நேரத்தில் வாங்க வைத்திருக்கின்றன. அப்படிக் கிடைத்ததை அவ்வளவு சுலபமாக விடாதீர்கள்.

கட்டார் மச்சான் கொண்டுவருவதைப் பற்றி ஒன்று. பதிவில்லாத போன்களுக்கு இனி வலையமைப்பு கிடைக்காது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 2025 ஜனவரியில் அறிவித்தது. எனவே வெளியிலிருந்து வருவதென்றால் பதிவு செய்யும் வழியையும் செலவையும் முதலில் விசாரியுங்கள். இங்கே வாங்கினாலும், *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.ஈ.ஐ. எண்ணை, அதாவது போனின் அடையாள எண்ணை, முன்னால் IMEI என்று எழுதி ஓர் இடைவெளி விட்டு 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள். இன்னொன்று, கொண்டுவந்த போன் பழுதானால் உத்தரவாதத்துக்கு மச்சானைத்தான் கூப்பிட வேண்டிவரும். குடும்பத்துக்குள் அது வேண்டாத வேலை.

புது போன் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேக் செய்து படம் போட்டு விற்கிறீர்கள், கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறீர்கள், அந்தப் போன் மாதம் 10,000 உழைக்கிறது என்றால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். உள்ளே மதர்போர்ட் எரிந்துவிட்டது, ஸ்கிரீனும் பற்றரியும் சேர்த்துத் திருத்த 70,000க்குக் கிட்டக் கேட்கிறார்கள் என்றாலும் விட்டுவிடலாம். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று, வங்கிச் செயலி வேலை செய்ய மறுக்கும் நாள் வந்தாலும் மாற்றத்தான் வேண்டும். உங்கள் கடிதத்தில் இதில் எதுவும் இல்லை. கந்தோரில் யாராவது புதிதாக வாங்கியிருக்கிறார்களா என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது, பதில் எழுத வேண்டாம்.

பற்றரி மாற்றப் போகும்போது நான் செய்த பிழையைச் செய்யாதீர்கள். மிகக் குறைந்த விலை சொல்பவரைத் தேடாமல், பற்றரிக்கு எழுத்தில் உத்தரவாதம் தருபவரைத் தேடுங்கள். முதல் நாளே முழுப் பிரதி எடுத்துவிடுங்கள். கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு வராமல், முடிந்தால் அங்கேயே இருந்து பாருங்கள். வேலை முடிந்ததும் அமைப்புகளில் போனைப் பற்றிய பக்கத்தைத் திறந்தால், மாற்றிய பாகம் அசலா, அடையாளம் தெரியாததா என்று போனே சொல்லும். அடையாளம் தெரியாதது என்று வந்தால், காசு கொடுக்குமுன் அந்த இடத்திலேயே கேளுங்கள். மூடிய பிறகு ஸ்கிரீனின் நாலு ஓரத்தையும் விரலால் தடவிப் பாருங்கள், எங்கும் தூக்கியிருக்கக் கூடாது. அப்புறம் பாசிக்குடாக் கடற்கரைக்குப் போனால் போனைப் பையிலேயே வையுங்கள்.