மெஸ் நோட்டீஸ் போர்டுல ஒரு ரோல் நம்பர்

வணக்கம் அக்கா,

நான் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல மூணாவது வருஷம். இங்க பசங்க ஹாஸ்டல் கேட் ஒம்போது மணிக்கு பூட்டுவாங்க, பொண்ணுங்க ஹாஸ்டல் ஆறரைக்கே. லைப்ரரி எட்டு வரைக்கும் இருக்கு, ஆனா அவங்களால வர முடியாது. இது ஏன்னு கேட்டு அரை பக்கம் எழுதி, கீழ என் பேரு, ரோல் நம்பர் போட்டு மெஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டினேன். ஒரு மணி நேரத்துல கிழிச்சுட்டாங்க. காலேஜுக்குள்ள அரசியல் பண்றியான்னு சொல்லி அப்பாவை வரச் சொன்னாங்க. அப்பா லாரி டிரைவர், லோடை வேற ஆள்கிட்ட மாத்தி விட்டுட்டு வந்தார். ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்பு லெட்டர் எழுதி வாங்கிட்டாங்க. அதுல என்னடா எழுதியிருந்தேன்னு அப்பா கேக்கவே இல்ல, நானும் சொல்லல. இப்ப இன்ஸ்டால எங்க காலேஜ் கன்ஃபெஷன் பேஜ்ல பேரு இல்லாம எழுதறேன், சேஃபா இருக்கு. டிகிரி முடியற வரைக்கும் இப்படியே இருந்துடலாமாக்கா? என் பேரைப் போடாதீங்க.

அன்புள்ள தம்பி,

பேரு போடல, ஊர் தெரியற மாதிரி இருந்த ஒரு வரியையும் எடுத்துட்டேன்.

உன் கடிதத்துல எனக்கு மனசுல நின்னது அந்த ரோல் நம்பர்தான். சும்மா திட்டிட்டு போறவன் ரோல் நம்பர் போட மாட்டான், பதில் வேணும்னு நினைக்கறவன்தான் போடுவான். நான்தான் கேட்டேன், இந்த ரூம்லதான் இருக்கேன், வந்து பேசுங்கன்னு அர்த்தம். உங்க காலேஜ்ல யாராவது வந்து பேசியிருந்தா பத்து நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்.

நான் படிச்சப்ப எங்க ஹாஸ்டல்ல கையெழுத்துப் பத்திரிகை ஒண்ணு உண்டு, சார்ட் பேப்பர்ல எழுதி மைதா பசை போட்டு மாடிப்படி பக்கத்துல ஒட்டுவோம். 1990 ஆகஸ்ட், பிற்படுத்தப்பட்டவங்களுக்கு மத்திய அரசு வேலையில இட ஒதுக்கீடு குடுக்கச் சொன்ன மண்டல் கமிஷனை அமல்படுத்தப் போறதா பிரதமர் வி.பி.சிங் அறிவிச்ச நேரம், எனக்கு ரெண்டு பெஞ்ச் முன்னாடி உக்கார்றவ இட ஒதுக்கீடு வேண்டாம்னு எழுதி பேரு போட்டிருந்தா. எனக்கு கை நடுங்கிச்சு. பென்சிலால ஓரத்துல பதில் எழுதி நானும் பேரு போட்டேன். அவ அதுக்கு பதில் எழுத, நான் எழுத, மூணு வாரத்துல மார்ஜின் பூரா ரொம்பிடுச்சு, சாப்பிட போற பொண்ணுங்க எல்லாம் தட்டை கையில வெச்சுக்கிட்டு நின்னு படிப்பாங்க. அவ கட்சி மாறல, நானும் மாறல. ஆனா எங்க வீட்டுல பள்ளிக்கூட வாசலை மிதிச்ச முதல் பொண்ணு நான்தான்னு எழுதினதுக்கு அப்புறம் அவ 'தகுதி'ங்கற வார்த்தையை எழுதவே இல்ல. தினம் சாயங்காலம் ஒரே பைப்புல தண்ணி பிடிக்கறப்ப முகத்தை பார்த்தாகணும்ல, அதனாலயே ரெண்டு பேரும் வார்த்தையை அளந்து எழுதினோம்.

கன்ஃபெஷன் பேஜ்ல அந்த பைப்படி கிடையாது. நீ நல்ல விஷயத்தைத்தான் அங்க எழுதறே, ஆனா அதே பேஜ்ல உன் போஸ்டுக்கு கீழ ஒருத்தன் பொண்ணு பேரை போட்டு அசிங்கமா எழுதுவான், இன்னொருத்தன் சாதிப் பேரை இழுப்பான், அவனுக்கும் அது சேஃபாதான் இருக்கு. பேரு போட்டு ஒட்டினதை கிழிக்கற காலேஜ் எல்லாமே பசங்களை அங்கதான் தள்ளிவிடுது, எனக்கு இதுலதான் பெரிய கோவம்.

சென்னை ஐஐடியில 2015 மே மாசம் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம்ங்கற மாணவர் அமைப்போட அங்கீகாரத்தை எடுத்தாங்களே, அதுக்கு ஆரம்பமே டெல்லி அமைச்சகத்துக்கு போன ஒரு மொட்டைக் கடுதாசிதான். வெளிப்படையா கூட்டம் போட்டு, துண்டறிக்கை குடுத்து பேசின பசங்க ஒரு பக்கம், பேரே இல்லாத ஒரு தாள் இன்னொரு பக்கம். ஜூன் மாசம் அங்கீகாரத்தை திருப்பி குடுத்தாங்க, நாடு பூரா கேள்வி கேட்டாங்க, அதனால.

அப்புறம் அந்த 'அரசியல்'. 1989லேர்ந்து 18 வயசுல ஓட்டு இருக்கு, உனக்கு இருபது ஆச்சு. எம்எல்ஏவை தேர்ந்தெடுக்கலாம், லைப்ரரி நேரத்தைப் பத்தி கேக்கக் கூடாதா? பொண்ணுங்க ஹாஸ்டல் கேட்டை வெச்சுத்தான் 2015ல டெல்லியில பிஞ்ச்ரா தோட்னு, அதாவது 'கூண்டை உடை'ன்னு, ஒரு இயக்கமே கிளம்பிச்சு. மாணவர் தேர்தலுக்கு விதி எழுதின லிங்டோ கமிட்டி 2006ல பிரிண்ட் போஸ்டர் வேண்டாம், கையால எழுதினது மட்டும், அதுவும் நிர்வாகம் சொல்ற இடத்துல ஒட்டலாம்னு சொல்லிச்சு. அப்படி ஒரு இடம் வேணும்னு உங்க காலேஜ்லயும் கேக்கலாம். கிளாஸ் நடக்கறப்ப கத்தக் கூடாது, ஒருத்தரை மிரட்டக் கூடாதுன்னு காலேஜ்ல சொன்னா நானும் ஒத்துக்கறேன். நீ அது ரெண்டும் பண்ணலியே.

ஆனா உன்னை தைரியமா போய் மோதுன்னு இங்க உக்காந்துக்கிட்டு சொல்ல மாட்டேன். இன்டர்னல் மார்க் அவங்க கையில, ஃபீஸ் கட்டறது அப்பா. தனியா ஒட்டாதே. முதல்ல அந்த பொண்ணுங்ககிட்ட பேசு, கேட் அவங்களோடது, கேள்வியும் அவங்களோடது, அவங்க சம்மதிச்சா நாப்பது அம்பது பேரு கையெழுத்து போட்டு மனுவா குடுங்க, வாங்கினதுக்கு ஆபீஸ்ல சீல் போட்டு ஒரு காப்பி வாங்கி வெச்சுக்கோங்க. இன்னொரு தடவை எதுலயாவது கையெழுத்து கேட்டா முழுசா படிச்சுட்டு போடு, மொபைல்ல போட்டோ எடுத்துக்கோ.

அந்த அரை பக்கத்தோட ரஃப் காப்பி நோட்டுல இருக்குன்னா அடுத்த வாட்டி வீட்டுக்கு போறப்ப எடுத்துட்டு போ. மகன் என்னமோ தப்பு பண்ணிட்டான்னு நினைச்சுக்கிட்டே அவர் வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பார். உக்காத்தி வெச்சு படிச்சு காட்டு.