ஓக் இலைகளில் வெள்ளைத் திட்டுகள்: மருந்து வேண்டாம்

வணக்கம். இங்கிலாந்தின் கென்ட்டில் தொட்டியில் வளர்க்கும் ஓக் கன்றின் இலைகளில் செப்டம்பர் முதல் பால் வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன, பூஞ்சைக்கு மருந்து அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடிக்க வேண்டாம்.

ஓர் இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திட்டுக்குள் வட்டமான நிழல் ஒன்று தெரிந்தால், உள்ளே இருப்பது டிஷேரியா எகெப்லாடெல்லா என்ற சிறு அந்துப்பூச்சியின் புழு. இலையின் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் பச்சைத் திசுவைத் தின்றுகொண்டே போகும். அதனால்தான் அந்த இடம் வெளுக்கிறது. அந்த வட்டம், அது தனக்காகப் பட்டிழையால் அமைத்துக்கொண்ட அறை. எனக்கு மிகவும் பிடித்தது அதன் சுத்தம்: எச்சத்தைச் சிறு பிளவு வழியாக வெளியே தள்ளிவிடும், ஆகவே திட்டுக்குள் கரும்பொடி இருக்காது. பூஞ்சையாக இருந்தால் இந்த அறை இருக்காது. திட்டு இலையின் அடிப்பக்கத்தில் சுருக்கம் விழுந்து உப்பியிருந்தால், அது வேறோர் இலைச்சுரங்க அந்துப்பூச்சி; அதற்கும் பயப்பட வேண்டியதில்லை.

மருந்து தோலுக்குள் இருக்கும் புழுவைத் தொடுவதே அரிது. இலையும் உதிரும் தறுவாயில் இருக்கிறது. கோடை முழுவதும் கன்றுக்குத் தேவையான உணவை அது தயாரித்து முடித்துவிட்டது.

புழு உதிர்ந்த இலைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் கூட்டுப்புழுவாகி, மே, ஜூன் மாதங்களில் பறக்கும். திட்டுகள் கண்ணை உறுத்தினால் தொட்டியடியில் விழுந்த இலைகளை மட்டும் அப்புறப்படுத்துங்கள். நான் அப்படியே விட்டுவிடுவேன். தொட்டி ஓக்குக்கு உண்மையான ஆபத்து கோடையில் மண் காய்வதுதான், அதைக் கவனியுங்கள்.