மூட்டு மாற்றிய காலில் வீக்கம்: உழிச்சலுக்கு முன் ஸ்கேன்

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். இன்றும் டாமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறார். 12 நாட்களுக்கு முன் வலது முழங்கால் மூட்டை மாற்றினோம். இரண்டு நாட்களாக அந்தக் கெண்டைக்கால் வீங்கி வலிக்கிறது. வர்ம வைத்தியம் செய்யும் ஆசானிடம் காட்டி உழிச்சல் (அழுத்தித் தேய்த்துவிடுதல்) செய்யலாமா?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: வேண்டாம். முதலில், இன்றைக்கே, காலுக்கு, சிரைகளில் இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். நம் மாவட்டத்து வர்ம ஆசான்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஆழ்சிரையில் (காலின் உள்ளே ஆழத்தில் ஓடும் இரத்தக்குழாயில்) இரத்தம் உறைந்திருந்தால், அழுத்தித் தேய்க்கும்போது அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்துவிடக்கூடும்.

மூட்டு மாற்றிய காலில் ஓரளவு வீக்கம் எல்லோருக்கும் வரும் என்பதால், கண்ணால் பார்த்தோ தொட்டுப் பார்த்தோ உறைகட்டி இல்லை என்று எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து 10 செ.மீ. கீழே, தையல் நாடாவால் இரு கெண்டைக்கால்களையும் அளந்தால், 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருப்பது சந்தேகத்தை வலுப்படுத்தும்; வித்தியாசம் குறைவாக இருந்தாலும் ஸ்கேனைத் தவிர்க்கக் கூடாது.

உங்கள் தாயாருக்கு ஆபத்துக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அறுவையில் சிரைகள் அதிர்கின்றன, படுக்கையில் இரத்த ஓட்டம் மந்தமாகிறது, புற்றுநோயோ இரத்தத்தை உறையத் தூண்டுகிறது. போதாக்குறைக்கு டாமாக்சிஃபெனும் உறைதலைக் கூட்டும் மருந்தே. “புற்றுநோய்தான் குணமாகிவிட்டதே” என்று எண்ணி, இந்த மாத்திரையை எலும்பு மருத்துவரிடம் பலர் சொல்வதே இல்லை. மாத்திரை அட்டையையும் மருத்துவமனைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆனால் அதை நிறுத்துவதா வேண்டாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீடு திரும்பும்போது வயிற்று மடிப்பில் போடும் ஹெப்பாரின் வகை ஊசியோ, உறைதல் தடுப்பு மாத்திரையோ தந்திருப்பார்கள். ஊசி போட்ட இடம் நீலம் பாரித்ததைக் கண்டு பயந்து பாதியில் விட்டவர்கள் உண்டு. நீங்களும் விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபத்து சில வாரங்கள் வரை நீடிப்பதால், சிலருக்கு 35 நாட்கள் வரைகூட இம்மருந்தைத் தருவதுண்டு. உறைகட்டி உறுதியானால் குறைந்தது மூன்று மாதச் சிகிச்சை தேவைப்படும்.

ஸ்கேனுக்குக் காத்திருக்கும்போதே திடீர் மூச்சுத்திணறல், மூச்சிழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும், பேருந்தோ ஆட்டோவோ தேடாமல் 108-ஐ அழையுங்கள்.