ஆச்சிகிட்ட கேளுங்க: பினாங்குல சாப்பாடு, பாங்காக்குல கால் அமுக்கு

கேள்வி: ஆச்சி, அவுக ரிட்டையர் ஆயிட்டாக, மகன் எங்க ரெண்டு பேரையும் பினாங்கு, பாங்காக் போய்ட்டு வாங்கன்னு சொல்றான். பேக்கேஜ் டூர்ல மூணு வேளையும் இந்தியச் சாப்பாடுன்னு போட்ருக்கு. அதுல போகவா, தனியாப் போகவா? நான் சைவம், அவுக எல்லாம் சாப்பிடுவாக.
(தேவகோட்டை வாசகி)

பதில்: தனியாப் போங்க. மூணு வேளை இந்தியச் சாப்பாடுன்னா அனேகமா பனீர் பட்டர் மசாலாவும் நானும்தான், அதுக்கு எதுக்கு கடல் தாண்டணும், காரைக்குடியிலயே தாராளமா கிடைக்குதே. பினாங்கு நமக்கு அசலூரும் இல்ல. நம்ம ஐயாமாருக லேவாதேவி பண்ண ஊரு, இன்னைக்கும் தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் பினாங்கு ஸ்ட்ரீட் கோவில் வீட்டுலேருந்து கிளம்பி தண்ணீர்மலை நகரத்தார் கோவிலுக்குப் போகுது.

அவுகளுக்கு நாசி கண்டார் வாங்கிக் குடுங்க. தமிழ் முஸ்லிம்க அந்தக் காலத்துல தோள்ல காவடி மாதிரி கம்பு போட்டு சோறும் குழம்பும் தொங்கவிட்டு வித்தது, இப்ப கடையாயிருச்சு. நாலஞ்சு குழம்பை ஒண்ணு மேல ஒண்ணா ஊத்துவாங்க, அதுதான் ருசியே, கலக்காதீங்கன்னு தடுத்துறாதீங்க. நீங்க சைவம்ங்கிறதால ஒண்ணு கவனிக்கணும், பெலாச்சான்னு ஒரு இறால் விழுது பாதி பண்டத்துல இருக்கும், பாக்க வெறும் கீரைப் பொரியலா இருக்கும் ஆனா உள்ள அது இருக்கும், கேட்டுட்டு வாங்குங்க. லக்சான்னு ஒரு நூடுல்ஸ், மீன் ரசத்துல செய்றது, விட்ருங்க. சீனர் சைவக் கடைக இருக்கு, லிட்டில் இந்தியாவுல வாழை இலைச் சாப்பாடும் இருக்கு.

புலுட் ஹித்தாம் கிடைச்சா விடாதீங்க. நம்ம கவுனரிசி ஜாதிதான். நாம நெய்யும் தேங்காத் துருவலும் போட்டுக் கிண்டுவோம், அவங்க கஞ்சியாக் குழைய விட்டு இனிப்பு சேர்த்து, மேல லேசா உப்பு போட்ட தேங்காப்பாலைச் சுத்தி ஊத்துறாங்க. அந்த உப்பு இருக்கே, அடடா.

பெரிய ரெஸ்டாரன்ட்ல ஒரு தடவையாவது உக்காந்து சாப்பிடணும்னு ஆசைன்னா மதியம் போங்க, செட் லஞ்ச்னு போடுவாங்க, அதே அடுப்படி அதே சமையல்காரர்தான், ஆனா ராத்திரி பில்லைவிட நல்லாவே குறையும். ராத்திரிக்கு தெருக்கடை போதும்.

கேள்வி: பாங்காக் மசாஜ்னு சொன்னாலே வீட்ல ஒரு மாதிரி சிரிக்கிறாக. பொம்பளைக போறதுக்கு மரியாதையான இடம் இருக்கா? எவ்வளவு ஆகும்?
(காரைக்குடி வாசகி)

பதில்: சிரிக்கட்டும், அவுக காலா வலிக்குது. வாட் போ கோவில்னு 46 மீட்டர் நீளத்துக்கு படுத்திருக்கிற புத்தர் இருக்கார்ல, அந்த வளாகத்துக்குள்ளயே மசாஜ் கூடம் இருக்கு, 1955லேருந்து அங்க பள்ளிக்கூடமாவே வச்சு சொல்லிக் குடுக்கிறாங்க. தாய்லாந்து மசாஜை 2019ல யுனெஸ்கோ பட்டியல்லயே சேத்துட்டாங்க, இதுக்கு மேல என்ன மரியாதை வேணும்.

தொளதொளன்னு ஒரு பருத்திச் சட்டையும் பேன்ட்டும் குடுப்பாங்க, அதைப் போட்டுக்கிட்டு தரை மெத்தையில படுக்கணும். எண்ணெய் கிடையாது. கட்டைவிரல், முழங்கை, சமயத்துல முட்டியாலயே அமுக்குவாங்க, அப்புறம் கையைக் காலை இழுத்து முறுக்குவாங்க, முதல் பத்து நிமிஷம் எதுக்குடா வந்தோம்னு இருக்கும், முடிச்சு எந்திரிக்கிறப்ப வெள்ளிக்கிழமை எண்ணெய் தேச்சுக் குளிச்ச மாதிரி ஒரு தூக்கம் சொக்கும். வலிச்சா "பாவ் பாவ்"னு சொல்லுங்க, மெதுவாப் பண்ணுவாங்க.

சாதாரண தெருக்கடையில ஒரு மணி நேரத்துக்கு 250லேருந்து 400 பாத் வரைக்கும் ஆகும், ஹோட்டல் ஸ்பால அதே வேலைக்கு பல மடங்கு, மல்லிப்பூ வாசனைக்கும் இஞ்சி டீக்கும்தான் அந்தக் காசு. வாசல்ல விலைப் பலகை மாட்டி, கண்ணாடி வழியா உள்ள தெரியுற கடையாப் பாருங்க. முடிஞ்சதும் அமுக்கி விட்டவங்க கையில 50, 100 பாத் குடுங்க. முட்டி ஆபரேஷன் ஆனவுக, ரத்தக்கட்டி பிரச்சனை இருக்கிறவுக டாக்டரைக் கேக்காம படுக்கக் கூடாது. வெறும் பாதம் மட்டும் அமுக்குறதும் இருக்கு, நாற்காலியில உக்காந்தே பண்ணிக்கலாம்.

கேள்வி: மக வியட்நாம்ல சைகோன் போறா. அங்க பாக்க வேண்டியது இருக்கட்டும், அனுபவிக்க என்ன இருக்கு?
(புதுவயல் வாசகி)

பதில்: தலை கழுவி விடுற கடை! கோய் தாவ்னு கேக்கச் சொல்லுங்க. படுக்க வச்சு, மூலிகைத் தண்ணி ஊத்தி, தலையைப் பிடிச்சு விட்டு, முகம் கழுத்து எல்லாம் சேத்து பண்ணுவாங்க, நம்ம ஊர் பியூட்டி பார்லர்ல பேசியல் பண்ற காசுக்குள்ள முடிஞ்சிரும். சாப்பாட்டுக்கு, போர்டுல "Chay" (சாய்)னு போட்ருந்தா அது சைவக் கடை. அமாவாசை பௌர்ணமிக்கு அங்கயும் நிறையப் பேர் சைவம், அன்னைக்குத் தேடவே வேணாம், வகைவகையாப் போடுவாங்க. தண்டாயுதபாணி கோவில் ஊருக்கு நடுவுலயே இருக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வரட்டும்.

கேள்வி: பொடி, உப்புக்கண்டம் எல்லாம் கொண்டு போலாமா ஆச்சி?
(பள்ளத்தூர் வாசகர்)

பதில்: பருப்புப் பொடி சரி, நல்லா ஒட்டி பெரிய பெட்டியில போடுங்க. உப்புக்கண்டம் வேணாம், இறைச்சி பிடிச்சுக்குவாங்க. சிங்கப்பூர் வழியாப் போறீங்கன்னா கசகசா ஒரு பொட்டு கூட இருக்கக் கூடாது, அங்க அது போதைப்பொருள் கணக்குல தடை பண்ணது, கசகசா சேத்து அரைச்ச குருமாப் பொடியும் சேத்துத்தான்.